ஷ்ரோடரின் பொம்மைப் பியானோவில் ஒலிப்பது உண்மையான பீத்தோவன்தானா?

கேள்வி இது: "‘பீனட்ஸ்’ கார்ட்டூனில் ஷ்ரோடர் என்ற பையன் ஒரு குட்டிப் பியானோ முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பான். தலைக்கு மேலே நோட்ஸ் மிதக்கும். அந்த நோட்ஸ் நிஜமானவையா, அழகுக்காகப் போட்டவையா? அதை வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸுக்கு இசையில் உண்மையிலேயே ஈடுபாடு இருந்ததா? அவருடைய படைப்பில் இசைக்கு என்ன பங்கு?"

நிஜமானவைதான். கையில் கிடைத்த பக்கத்தைத் திறந்து கண்ணில் பட்டதை அவர் வரைந்துவிடவில்லை. எந்தக் கதைக்கு எந்த இசை என்று யோசித்துத் தேர்ந்தெடுத்து, அச்சிட்ட இசைப் புத்தகத்தைப் பார்த்து நோட்டு நோட்டாக மையில் வரைந்திருக்கிறார். எனக்கு இது தெரியவந்தது பியானோ கற்க ஆரம்பித்துச் சில ஆண்டுகள் ஆன பிறகுதான். பழைய பீனட்ஸ் தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் ஷ்ரோடர் தலைக்கு மேலிருந்த வரிகளை என் விரல்கள் தாமாகவே மேசையில் தட்டின. அப்போது நான் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பீத்தோவன் சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) வரிகள் அவை. சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்துக் கடந்துபோன படம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் கேட்டது.

நான் தனியாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை இது. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீத்தோவன் ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்த வில்லியம் மெரிடித், ஷ்ரோடர் வரும் ஸ்ட்ரிப்களில் (கட்டம் கட்டமாக வரும் சித்திரக் கதைகளில்) இருக்கும் இசை வரிகள் எந்தெந்தப் படைப்பிலிருந்து வந்தவை என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். சாண்டா ரோசாவில் உள்ள ஷுல்ஸ் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 2008-09இல் ஒரு கண்காட்சியும் நடந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அந்த வரிகள் படத்துக்குப் பின்னணி இல்லை, கதையின் ஒரு பகுதி. அவற்றைப் படிக்கத் தெரியாதவருக்கு நகைச்சுவையில் ஒரு பங்கு கிடைக்காமல் போகிறது.

இதற்கு மிக நல்ல உதாரணம் 1953 ஜனவரியில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். ஷ்ரோடர் உடற்பயிற்சி செய்கிறான். தண்டால் எடுக்கிறான், கயிறு தாண்டுகிறான், கட்டத்துக்குக் கட்டம் வியர்த்து விறுவிறுக்கிறான். ஏதோ விளையாட்டுப் போட்டிக்குத் தயாராகிறான் என்றுதான் வாசகர் நினைப்பார். பிறகு நேராகப் போய்ப் பியானோ முன் உட்காருகிறான். வாசிக்க இவ்வளவு பயிற்சியா என்று எல்லோருக்கும் சிரிப்பு வரும். அத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நல்ல ஸ்ட்ரிப்தான். ஆனால் அவன் தலைக்கு மேல் இருப்பது பீத்தோவனின் ‘ஹாமர்க்லாவியர்’ சொனாட்டாவின் தொடக்கம், ஓபஸ் 106 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). பியானோ வாசிப்பவர்கள் இங்கே இன்னொரு தடவை சிரிப்பார்கள்.

ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1817-18இல் எழுதி 1819இல் வெளியான சொனாட்டா அது. முழுதாக வாசிக்க 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை எழுதப்பட்ட பியானோ சொனாட்டாக்களில் இவ்வளவு நீளமும் இவ்வளவு கடினமும் வேறு எதற்கும் இல்லை. மேடையில் ஒருவரும் தொடத் துணியாமல் பல ஆண்டுகள் கிடந்து, 1836இல் பாரிஸில் பியானோ மேதை லிஸ்ட் வாசித்துக் காட்டிய பிறகுதான் இதை மனிதரால் வாசிக்க முடியும் என்று பலருக்கு நம்பிக்கை வந்தது. முதல் நொடியே ஒரு தாண்டல். இடது கை அடியில் பி ஃப்ளாட் என்ற ஸ்வரத்தைத் தட்டிவிட்டு, கண் இமைப்பதற்குள் மேலே பாய்ந்து கை நிறைய ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை, பிடிக்க வேண்டும். தவறிவிடும் என்ற பயத்தில் பலர் இரண்டு கைக்கும் பிரித்துக்கொண்டு வாசிப்பதுண்டு. போதாக்குறைக்கு, பீத்தோவனே எழுதிவைத்த வேகக் குறிப்பு, நிமிடத்துக்கு 138 அரை நோட்டு, பெரும்பாலான கலைஞர்கள் எட்டிப் பிடிக்காத வேகம். கடைசிப் பகுதியில் வரும் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தி வாசிக்கும் வடிவம்) தோள், முதுகு, மூச்சு எல்லாவற்றையும் கேட்கும். ஆக, ஷ்ரோடர் தண்டால் எடுத்தது மிகை இல்லை, அந்தச் சொனாட்டாவுக்கு அது நியாயமான முன்னேற்பாடு. ஷுல்ஸ் அங்கே வேறு ஏதாவது எளிய துண்டைப் போட்டிருந்தாலும் லட்சக்கணக்கான வாசகர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. அவர் போடவில்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை.

இன்னொன்று. மேற்கத்திய நொட்டேஷன், அதாவது இசையை எழுதும் முறை, கார்ட்டூனுக்குப் பொருந்தியதற்கு அதன் உருவமே ஒரு காரணம். நம் கர்நாடக இசையில் எழுதுவது எழுத்து: ஸ, ரி, க, ம. வரியாகப் படித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். பார்வைக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஐந்து கோட்டு நொட்டேஷன் அப்படி இல்லை. ஸ்வரம் மேலே போனால் புள்ளியும் மேலே போகும், வேகம் கூடினால் குச்சிகள் நெருங்கிக் கறுக்கும், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். படிக்கத் தெரியாதவர்கூட இது அமைதியான இடம், இது கொந்தளிக்கிற இடம் என்று கண்ணாலேயே உணர முடியும். ஷுல்ஸ் இதை மிக நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். அவருடைய கோடு எளிமையானது: வட்டத் தலை, இரண்டு புள்ளிக் கண்கள், பின்னணியில் பெரும்பாலும் வெறும் வெள்ளை. அந்த வெறுமைக்கு நடுவே பீத்தோவனின் அடர்ந்த கறுப்பு வரிகள் வந்து உட்காரும்போது, இந்தக் குட்டி உருவத்துக்குள் இவ்வளவு பெரியது இருக்கிறதா என்ற வியப்பு தானாக வருகிறது.

நோட்ஸைக் கார்ட்டூனில் வரையும் யோசனையே அவருக்கு அப்படித்தான் பிறந்திருக்கிறது. பின்னாளில் ஒரு பேட்டியில் அவர் சொன்னார். இசை பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியிலிருந்து ஒரு பகுதி கண்ணில் பட்டதாம். அதைப் பீனட்ஸின் நாயகப் பையன் சார்லி பிரவுன் பாடுவது போல ஒரு கார்ட்டூன் போட்டாராம். சிறு பையன் வாயிலிருந்து இத்தனை சிக்கலான நோட்ஸ் வருவது பார்க்கப் பிடித்திருந்தது. அப்புறம், குழந்தைகளில் ஒருவன் பொம்மைப் பியானோ வாசித்தால் என்ன என்று தோன்றியது. தன் மகளுக்கு அவர் வாங்கிக் கொடுத்திருந்த பொம்மைப் பியானோ வீட்டிலேயே இருந்தது. அதைப் பார்த்து வரைந்தார். ஆக, முதலில் அவரைப் பிடித்து இழுத்தது இசையின் ஒலியைவிடவும் தாளில் அது தோன்றிய விதம். ஓவியக்காரருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான்.

பீனட்ஸ் தொடங்கியது 1950 அக்டோபர் 2 அன்று, ஏழு செய்தித்தாள்களில். ஷ்ரோடர் 1951 மே மாத இறுதியில் கைக்குழந்தையாக உள்ளே வருகிறான். ஷுல்ஸ் இளமையில் பார்த்திருந்த, கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கிய ஒரு பையனின் பெயர் அது. அதே ஆண்டு செப்டம்பரில் பியானோ வந்துவிட்டது. சரியாகப் பேசக்கூட வராத குழந்தை, பியானோ முன்னால் உட்கார வைத்ததும் கச்சேரிக் கலைஞனாக மாறிவிடுகிறது. அன்றிலிருந்து கடைசிவரை அந்தப் பையனும் பியானோவும் பிரியவே இல்லை. இடையில் அவன் சார்லி பிரவுனின் பேஸ்பால் அணியில் கேட்சராகவும் நிற்கிறான், ஆனாலும் அவனை நினைத்தால் நமக்கு வருவது குனிந்த முதுகுதான்.

ஷுல்ஸுக்கு இசையில் ஈடுபாடு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, ஆழமாகவே இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து வந்தது இல்லை. அப்பா மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். மகன் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி, தான் முன்பு அஞ்சல் வழியில் ஓவியம் படித்த பள்ளியிலேயே ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். உடன் வேலை பார்த்த இளைஞர்களோடு கூடி இசைத்தட்டுகள் கேட்கும் வழக்கம் அந்த ஆண்டுகளில்தான் அவருக்கு வந்தது. சார்லி பிரவுன், லைனஸ் என்ற பெயர்களும் அந்த அலுவலக நண்பர்களிடமிருந்து எடுத்தவைதான். வாத்தியம் வாசிக்கிறவர் இல்லை அவர், கேட்கிறவர். அவருக்கு மனதுக்கு நெருக்கமானவர் பீத்தோவன்கூட இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ்.

அப்படியானால் ஷ்ரோடர் ஏன் பிராம்ஸை வழிபடவில்லை? பீத்தோவன் என்ற பெயர் காதில் விழும்போது வேடிக்கையாக இருக்கிறது என்பதுதான் ஷுல்ஸ் சொன்ன காரணம். கார்ட்டூனிஸ்டாக எனக்கு இது நியாயமாகப் படுகிறது. தினம் நான்கு கட்டத்துக்குள் கதை சொல்லும் ஒருவருக்கு ஒவ்வொரு சொல்லின் சத்தமும் முக்கியம். ஆனால் பெயரின் ஒலி மட்டும் அந்தப் பாத்திரத்தை ஐம்பது ஆண்டுகள் தாங்கியிருக்காது. பீத்தோவன் என்றால் சீவாத தலை, கடுகடுத்த முகம், கேட்காத காது, கல்யாணமாகாத வாழ்க்கை என்று இசை தெரியாதவருக்கும் ஒரு படம் மனதில் இருக்கிறது. பியானோ மேல் வைக்க ஏற்ற மார்பளவுச் சிலையாக அந்த முகம் ஏற்கனவே உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. பிராம்ஸின் தாடிக்கு அந்த வசதி இல்லை.

பிராம்ஸையும் அவர் விட்டுவிடவில்லை. எனக்குப் பீனட்ஸிலேயே மிகப் பிடித்த இசை ஸ்ட்ரிப் பிராம்ஸ் பற்றியதுதான். ஷ்ரோடர் புதிதாக வாங்கிய இசைத்தட்டோடு போகிறான். பிராம்ஸின் நான்காவது சிம்ஃபனி. அவன் மேல் ஆசை வைத்திருக்கும் லூசி என்ற பெண் அவனை மடக்கி, இதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்கப் போகிறேன் என்கிறான். கேட்டுக்கொண்டே ஆடுவாயா? இல்லை. நடைபோடுவாயா? இல்லை. கூடவே பாடுவாயா? அதுவும் இல்லை, சும்மா உட்கார்ந்து கேட்கப் போகிறேன். இதைவிடப் பைத்தியக்காரத்தனமான ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று அவள் முடிக்கிறாள். 1950களின் தொடக்கத்தில் வந்தது. இன்றைக்கு ஓடிக்கொண்டும் சமைத்துக்கொண்டும் போனைத் தடவிக்கொண்டும் மட்டுமே பாட்டுக் கேட்கிற நமக்கு அது நேற்று வரைந்தது போல இருக்கிறது. வேறு வேலை எதுவும் இல்லாமல் ஒரு சிம்ஃபனி முன்னால் உட்கார்ந்த அனுபவம் இருக்கிற ஒருவரால்தான் இதை எழுத முடியும்.

லூசியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1953 முதல் அவள் அந்தப் பியானோவில் முழங்கை ஊன்றிச் சாய்ந்துகொண்டிருக்கிறாள். பியானோ வாசிப்பவர்கள் நன்றாகச் சம்பாதிப்பார்களா, நாம் கல்யாணம் செய்துகொண்டால் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் காதில் எதுவும் ஏறுவதில்லை. படமாகப் பாருங்கள்: இரண்டு பேருக்கும் இடையில் இருப்பது ஒரு சாண் பியானோ, அதற்கு மேல் சுவர் மாதிரி எழும்பி நிற்கும் நோட்ஸ். காதல் நிறைவேறாததைச் சொல்ல ஷுல்ஸுக்கு வேறு வசனமே தேவைப்படவில்லை. பொறுமை இழந்து ஒரு தடவை அவள் பியானோவைப் பிடுங்கி, ஸ்ட்ரிப்பில் வரும், காற்றாடிகளைத் தின்னும் ஒரு மரத்துக்குள் எறிந்தாள். மரம் தின்றுவிட்டது. ஷ்ரோடர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். இசையை வென்றுவிட லூசியால் கடைசிவரை முடியவில்லை.

பிற்காலத்தில் ஷுல்ஸ் அந்த நோட்ஸைக் கையால் தொடக்கூடிய பொருள்களாகவே ஆக்கிவிட்டார். சார்லி பிரவுனின் நாய் ஸ்னூப்பி அவற்றில் போய் முட்டிக்கொள்வான், மஞ்சள் குருவி வுட்ஸ்டாக் கோடுகளின் மேல் உட்காரும். சத்தம் இல்லாத கலையில் சத்தத்தை இப்படி உருவம் கொடுத்து நடமாட விட்டவர்கள் குறைவு. ஒவ்வொரு டிசம்பர் 16ஆம் தேதியும் ஷ்ரோடர் பீத்தோவன் பிறந்தநாள் கொண்டாடுவதும் அந்த உலகத்தின் திருவிழாக்களில் ஒன்றாகிவிட்டது. பீத்தோவன் ஞானஸ்நானம் பெற்றது 1770 டிசம்பர் 17 அன்று என்பது பான் நகர ஆவணத்தில் இருக்கிறது. பிறந்த நாள் எழுதப்படவில்லை என்பதால் முந்தின நாளை வழக்கமாகக் கொள்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, அவருடைய படைப்பில் இசைக்கு என்ன பங்கு என்பது. இங்கே நான் சொல்வது என் சொந்தக் கருத்து. பல ஆண்டுகள் யோசித்து வந்தடைந்தது.

அந்தப் பொம்மைப் பியானோவைப் பற்றி ஸ்ட்ரிப்பில் ஒரு உரையாடல் வரும். கறுப்புக் கட்டைகள் வெறும் பெயிண்ட்தானே, அதில் எப்படி இதையெல்லாம் வாசிக்கிறாய் என்று அவனைக் கேட்பார்கள். நிறையப் பயிற்சி செய்கிறேன் என்பான். எல்லோரும் இதைச் சிறுபிள்ளைத்தனமான பதிலாக எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு இது ஷுல்ஸ் தன் தொழிலைப் பற்றிச் சொன்ன வாக்குமூலமாகவே கேட்கிறது.

அவர் கையில் இருந்த வாத்தியமும் பொம்மை அளவுதான். பீனட்ஸ் விற்கப்பட்டதே இடத்தை மிச்சப்படுத்தும் கார்ட்டூன் என்றுதான். ஒரே அளவில் நான்கு கட்டங்கள். பத்திரிகைக்காரர் தன் வசதிப்படி கிடைமட்டமாகவோ, ஒன்றன்கீழ் ஒன்றாகவோ, சதுரமாகவோ அடுக்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் முகம் காட்டக் கூடாது, கண்கவர் காட்சி எதற்கும் இடம் கிடையாது. ‘பீனட்ஸ்’ என்ற பெயர்கூட விநியோக நிறுவனம் வைத்தது, அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சித்திரக் கலையில் யாரும் பெரிதாக மதிக்காத அந்தச் சிறிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தோல்வி, தனிமை, நம்பிக்கை, கைகூடாத காதல் எல்லாவற்றையும் வாசித்தார். கறுப்புக் கட்டைகள் இல்லாத கருவியில் ஹாமர்க்லாவியரை வாசிப்பது என்றால் இதுதான்.

பயிற்சி செய்கிறேன் என்றதும் உண்மை. மற்ற பிரபல கார்ட்டூனிஸ்டுகள் உதவியாளர்களை வைத்துப் பின்னணியும் எழுத்தும் போட வைத்த காலத்தில், ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வோர் எழுத்தையும் அவரே போட்டார். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகளில் 17,897 ஸ்ட்ரிப்கள். நீண்ட விடுப்பு என்று எடுத்தது ஒரே ஒரு தடவை, 75 வயது நிறைந்த 1997இல், ஐந்து வாரம். எஸ்டர்ப்ரூக் 914 என்ற ஒரே நிப்பால்தான் வரைவார். அந்த நிறுவனம் தயாரிப்பை நிறுத்தப் போகிறது என்று தெரிந்ததும் மிச்சம் இருந்த நிப்புகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். தன் வாத்தியத்தை மாற்றச் சம்மதிக்காத வித்வானின் பிடிவாதம் அது. 1981இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. கோடு அலை அலையாக நெளிந்தது. அப்போதும் பேனாவை இன்னொருவரிடம் கொடுக்கவில்லை. காது போன பிறகும் ஒன்பதாவது சிம்ஃபனியை எழுதிய மனிதரின் சிலையை ஷ்ரோடரின் பியானோ மேல் வைத்து ஆயிரம் தடவை வரைந்தவர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

ஆகவே, இசை அவருக்கு நகைச்சுவைக்கான ஒரு சரக்கு மட்டும் இல்லை. தனியாக ஓர் அறையில், ஒரு மேசை முன்னால், தினமும் ஒரே வேலையை நேற்றைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்யப் பார்க்கிற மனிதனை வரைய அவருக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. கார்ட்டூனிஸ்ட் குனிந்திருப்பதை வரைந்தால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பியானோக்காரன் குனிந்திருந்தால் தலைக்கு மேல் இசை தெரியும். ஷ்ரோடரின் முதுகு வளைவும் வரைபலகை முன் உட்கார்ந்த ஷுல்ஸின் முதுகு வளைவும் ஒன்றுதான் என்று புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

பீனட்ஸ் இசை என்றதும் பலருக்கு நினைவு வருவது பீத்தோவன் இல்லை, வின்ஸ் குவரால்டியின் ஜாஸ். அதைப் பற்றியும் சுருக்கமாக. இது ஷுல்ஸின் தேர்வு அல்ல, தயாரிப்பாளர் லீ மெண்டல்சன் கண்டெடுத்தது. 1963 வாக்கில் ஷுல்ஸ் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர், சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் டாக்ஸியில் போகும்போது ரேடியோவில் குவரால்டியின் பியானோவைக் கேட்டு அவரைத் தேடிப் பிடித்தார். ‘லைனஸ் அண்ட் லூசி’ என்ற மெட்டு அப்படிப் பிறந்தது. இடது கை ஒரே சுழற்சியைத் துள்ளித் துள்ளித் திருப்பிக்கொண்டிருக்க, வலது கை அதன்மேல் அலட்சியமாக நடந்துபோகும். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதைக் கேட்பது மாதிரியே இருக்கும். ஆவணப்படத்தை வாங்க ஆள் கிடைக்கவில்லை. மெட்டு மட்டும் தங்கி, 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த பீனட்ஸ் கிறிஸ்துமஸ் கார்ட்டூன் படத்தில் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒளிபரப்புக்கு முன்னால் பார்த்த தொலைக்காட்சி அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. போக்கு மெதுவாக இருக்கிறது, குழந்தைகள் படத்துக்கு ஜாஸ் எதற்கு என்றார்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க வீடுகளில் கிட்டத்தட்டப் பாதி அதைத்தான் பார்த்தன.

அந்தப் படத்தில் ஷ்ரோடர் வரும் ஒரு காட்சியைத் தவறவிடாதீர்கள். லூசி ‘ஜிங்கிள் பெல்ஸ்’ வாசிக்கச் சொல்கிறாள். அவன் அழகாகக் கோத்து வாசிக்கிறான், இல்லை என்கிறாள். தேவாலய ஆர்கன் போல வாசிக்கிறான், அதுவும் இல்லை. எரிச்சலோடு ஒற்றை விரலால் டிங் டிங் என்று தட்டுகிறான். அதுதான் என்று கத்துகிறாள். தாளில் ஷுல்ஸ் ஒளித்துவைத்திருந்த ரகசியம், அதாவது இந்தப் பொம்மையிலிருந்து முழுப் பியானோ ஒலிக்கிறது என்பது, அங்கே காதுக்கே கேட்கிறது.

கடைசியாக, அதிகம் பேர் அறியாத ஒரு கதை. 1990 அக்டோபரில் வந்த ஒரு ஸ்ட்ரிப்பில் பெப்பர்மின்ட் பேட்டி, மார்சி என்ற இரு சிறுமிகள் கச்சேரி கேட்கப் போகிறார்கள். அடுத்த படைப்பு எலன் ஸ்விலிக் எழுதிய புல்லாங்குழல் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), அவர் ஒரு பெண் என்று மார்சி சொல்கிறாள். பேட்டி நாற்காலி மேல் ஏறி நின்று ஆரவாரம் செய்கிறாள். எலன் டாஃப் ஸ்விலிக் உண்மையான இசையமைப்பாளர். இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற முதல் பெண், ஆண்டு 1983. செய்தித்தாளில் தன் பெயரைப் பார்த்தவரோடு ஷுல்ஸுக்கு நட்பு உண்டானது. பிறகு ஸ்விலிக் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக ‘பீனட்ஸ் கேலரி’ என்ற படைப்பை எழுதினார். 1997இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அரங்கேறியது. அதன் முதல் பகுதியே ஷ்ரோடரின் பீத்தோவன் கற்பனை. இசையிலிருந்து எடுத்து வரைந்துகொண்டிருந்த ஒருவரின் பாத்திரம், வரைபடத்திலிருந்து இசைக்குள் நடந்து போய்விட்டது. ஷுல்ஸ் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார் என்பது எனக்கு மிகுந்த சந்தோஷம். 2000 பிப்ரவரி 12 இரவு அவர் இறந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரிப் மறுநாள் காலை வெளிவந்தது.

இதையெல்லாம் நீங்களே சரிபார்க்கலாம். பீனட்ஸ் முழுத் தொகுப்பு கால வரிசைப்படி புத்தகமாகக் கிடைக்கிறது. 1953-54 ஆண்டுகளுக்கான இரண்டாவது தொகுதியில் முதல் சில பக்கங்களிலேயே அந்த உடற்பயிற்சி ஞாயிறு இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஓபஸ் 106இன் முதல் நிமிடத்தைப் போடுங்கள். முதல் தாண்டல் கேட்கிறபோது ஷ்ரோடரின் தலைக்கு மேலே பாருங்கள்.